இருட்டில் வெளுக்கும் கறுப்பு

மூன்றாவது வெப்கேமும் கெட்டுப்போனால் என் அண்ணிக்குத் திருடி என்ற பட்டம் உறுதி. கையில் இருந்த பிளேடு ஓரிடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"ஸ்க்ரூ, அது வெப்கேம். வெங்காயம் இல்ல" என்றார் மேடம்.

"தெரியுது மேடம். வெங்காயமா இருந்தா இந்நேரம் அழுதிருப்பேன்."

"அழு. ஆனா கையை ஆட்டாம அழு."

மேடம் ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர். ஒருநாள் மேலதிகாரியின் மைத்துனர் கேஸையும் கண்டுபிடித்துத் தொலைத்தார், வேலை போனது. அன்றிலிருந்து இந்த மாடி அறையில் துப்பறியும் தொழில். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்ப்பதால் நான் ஸ்க்ரூ. என் மண்டையில் ஒரு ஸ்க்ரூ குறைவாக இருப்பதாலும்தான் என்று மேடம் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

மேஜைமேல் இரண்டு வெப்கேம்கள் செத்துக் கிடந்தன. பழைய சாமான் கடையில் கிடைத்த மட்டமான சரக்கு. இந்த வெப்கேம்களுக்குள் லென்ஸின் முதுகில் ஒரு குட்டிக் கண்ணாடிச் சில்லு ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உள்ளே விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அதைப் பெயர்த்துவிட்டால் நாம் பார்க்க முடியாததை வெப்கேம் பார்க்கும். முதல் கேமராவில் சில்லோடு லென்ஸும் உடைந்தது. இரண்டாவதில் சில்லு ஒழுங்காக வந்தது, ஆனால் ஒயர் அறுந்தது.

மூன்றாவதில் பிளேடு முனையை ஓரத்தில் கொடுத்து, மூச்சை அடக்கி, நெம்பினேன். டக். கடுகளவு கண்ணாடி துள்ளி என் மடியில் விழுந்தது.

"வந்துடுச்சு!"

"பாதி வேலைதான் ஆச்சு. நமக்குத் தெரியற வெளிச்சத்தை இனிமே அது பாக்கக் கூடாது. கறுப்பு பிலிம் எங்க?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சம் பட்டுக் கழுவிய பிலிம் சுருளின் வால் கரிய நிறத்தில் இருக்கும். சாதாரண வெளிச்சத்தை அது மறிக்கும், அகச்சிவப்பை விட்டுவிடும். அதில் இரண்டு துண்டு வெட்டி, சில்லு இருந்த இடத்தில் அடுக்கினேன்.

"இந்தக் காலத்துல பிலிம் எப்படிடா கிடைச்சுது?"

"அண்ணன் கல்யாண நெகட்டிவ் மேடம். பயப்படாதீங்க, வாலைத்தான் வெட்டினேன். மாலை மாத்தற இடமெல்லாம் பத்திரமா இருக்கு."

மேடம் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே முக்கால். ஐந்து மணிக்குள் அண்ணி, திருட்டை ஒப்புக்கொள்ளும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணி ஒரு பெரிய ஹோட்டலில் ரொட்டி சுடும் பிரிவுக்குத் தலைவி. நேற்று மதியம் இரண்டு நாற்பதுக்கு, அந்த ஹோட்டலில் தங்கியிருந்தவர் ஒப்படைத்து வைத்த பழைய கைக்கடிகாரப் பெட்டி லக்கேஜ் அறையிலிருந்து காணாமல் போனது. அறைக்கு ஜன்னல் கிடையாது, விளக்கும் அணைந்திருந்தது. உள்ளே இருந்த கேமரா மட்டும் இருட்டிலும் படம் பிடித்தது. படத்தில் ஓர் உருவம், கேமராவுக்கு முதுகு காட்டியபடி. வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி. இடுப்புக்குக் கீழே இருந்ததைப் பெட்டிகள் மறைத்துவிட்டன.

அந்த ஹோட்டலில் வெள்ளைக் கோட்டு சமையல்காரர்களுக்கு மட்டும்தான். அந்த நேரத்தில் மற்ற சமையல்காரர்கள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அண்ணி மட்டும் தனியாக மாவு பிசைந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான், முடிவு கட்டிவிட்டார்கள். மேனேஜர் நாற்பது பேர் முன்னால் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டி, குற்றச்சாட்டைச் சத்தமாகப் படித்தாராம். 'எடுத்தது நான்தான்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் போலீஸ் இல்லை, இல்லாவிட்டால் உண்டு. நாற்பது பேரும் படத்தைக் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்ததால் எங்களுக்கும் ஒரு பிரதி கிடைத்தது. அதை நினைத்தாலே என் வாயில் வசவுதான் வந்தது.

"வாய்க்குள்ள திட்டறதை நிறுத்திட்டு படத்தைப் பாரு. என்ன தெரியுது?"

நாற்பதாவது முறையாகப் பார்த்தேன். "உள்ள வர்றான். மூணாவது அலமாரிக்குப் போறான். குனியறான். எடுக்கறான். போறான்."

"எங்கயாவது தடவறானா?"

இல்லை. சொந்த வீட்டில் நடப்பது போல நேராக நடந்தான்.

"உங்க அண்ணி அந்த அறைக்குள்ள எத்தனை தடவை போயிருக்காங்க?"

"ஒரு தடவைகூட இல்ல."

"அப்போ இது அறையை நல்லாப் பழகின ஆளு. அடுத்து, தோளைப் பாரு."

உருவத்தின் இடது தோளில் கறுப்பாக ஒரு சதுரம். சூடான தட்டைப் பிடிக்க வைத்திருக்கும் துணியைத் தோளில் போட்டிருக்கிறாள் என்று மேனேஜர் விளக்கம் கொடுத்திருந்தார்.

"குனியும்போது பாரு."

உருவம் இடுப்பை வளைத்துக் குனிந்தது. தோளில் இருந்த கறுப்புத் துணி அரை விரல்கூட நகரவில்லை.

"விழலையே!" என்றேன்.

"தைச்சிருக்கும்போது எப்படி விழும்?"

மேடம் வெப்கேமை லேப்டாப்பில் சொருகி, ஜன்னல் வெயிலில் நின்றிருந்த என் பக்கம் திருப்பினார். திரையை எட்டிப் பார்த்தேன். நான் போட்டிருந்தது கன்னங்கரேலென்ற சட்டை. திரையில் நான் வெள்ளைச் சட்டையில், மாப்பிள்ளை மாதிரி நின்றேன். பக்கத்தில் தொங்கிய மேடத்தின் கறுப்புத் தோல்பை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"மேடம், துவைக்காமலே வெளுத்துட்டேன்!"

"துணிக்குப் போடற கறுப்புச் சாயத்துல பல ரகம், அகச்சிவப்பு வெளிச்சத்துல வெள்ளையாத் தெரியும். சிலது கறுப்பாவே நிக்கும். இருட்டுல அந்த கேமரா இந்த வெளிச்சத்துலதான் படம் பிடிக்குது."

எனக்குப் பொறி தட்டியது. "அங்க பெட்டி தூக்கறவங்க அஞ்சு பேருக்கும் கறுப்புக் கோட்டு! கறுப்புத் தொப்பி!"

"கறுப்புங்கறதாலயே அவங்களை யாரும் சந்தேகப்படல. வண்டியை எடு."

ஹோட்டல் வாசலில் எங்களை வரவேற்றவர் பாதுகாப்பு அதிகாரி. நல்ல மனுஷர். தண்ணீர் கொடுத்தார். கறுப்புத் தொப்பி, கறுப்புக் கோட்டு, அதன் பித்தளைப் பொத்தான்கள் பளபளத்தன.

"உங்க அண்ணியை நினைச்சா மனசுக்குக் கஷ்டமா இருக்கு தம்பி. என் கையில அதிகாரம் இருந்தா மன்னிச்சு விட்டிருப்பேன்" என்றார்.

"தப்பு பண்ணாதவங்களை எதுக்கு சார் மன்னிக்கணும்?" என்றேன்.

"படத்தைப் பாத்ததும் சமையல்காரின்னு மேனேஜர்கிட்ட முதல்ல சொன்னது நான்தான், கண்ணால பாத்ததைச் சொன்னேன். பன்னெண்டு வருஷம் இதே ஹோட்டல்ல பெட்டி சுமந்துதான் மேல வந்திருக்கேன்." தோளைத் தட்டிக் காட்டினார். "ஒருத்தர் வயித்துல அடிக்க எனக்கு மனசு வராது."

லக்கேஜ் அறையைக் காட்டச் சொன்னார் மேடம். விளக்கை அணைத்துவிட்டு என்னை மூன்றாவது அலமாரிவரை நடக்கச் சொன்னார். நாலடி வைத்தேன். முழங்கால், முழங்கை, நெற்றி, இந்த வரிசையில் அடிபட்டது. ஐந்தாவது அடியில் யாருடைய பெட்டிமேலோ உட்கார்ந்திருந்தேன்.

"சாட்சியம் போதும். எழுந்துக்கோ" என்றார் மேடம்.

மேனேஜர் அறைக்குப் போனபோது மணி நாலேகால். அண்ணி நின்றுகொண்டிருந்தார். வேலைக் கோட்டைக் கழற்றவில்லை. கைவிரல்களில் மாவு காய்ந்திருந்தது. அவர் முன்னால் அந்தக் கடிதம், அதன்மேல் மூடி திறந்த பேனா.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்மா. கையெழுத்துப் போட்டா விஷயம் இதோட முடிஞ்சுது" என்றார் மேனேஜர். சாம்பல் நிறக் கோட்டு, அதற்கேற்ற முகம்.

"உங்களுக்கு முடியும் சார். எனக்கு அங்கதான் ஆரம்பிக்கும். எடுக்காததை எடுத்தேன்னு எழுத மாட்டேன். போலீஸைக் கூப்பிடுங்க. உக்காரச் சொன்னா இங்கயே உக்காந்திருக்கேன்."

"அடம் பிடிக்காதீங்க."

"அடம்தான் சார். நாலு மாசம் முன்னாடி பொம்பளைங்க பையை ஆம்பளைங்க சோதிக்கக் கூடாதுன்னு சொன்னப்பவும் இதே அடம்தான் பிடிச்சேன். அப்பவும் நான் சொன்னதுதான் நியாயம்."

அப்போது பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தவர் பாதுகாப்பு அதிகாரி. அவர் இப்போது வருத்தத்தோடு தலையை ஆட்டினார், ரொம்பப் பெருந்தன்மையாக.

மேடம் தன் வேண்டுகோளை வைத்தார். பெட்டி தூக்குபவர்கள் ஐவரும் தொப்பி கோட்டோடு வர வேண்டும். பதினைந்து நிமிடம் போதும்.

மேனேஜர் கடிகாரத்தைத் தட்டினார். "அஞ்சு மணி. ஒரு நிமிஷம்கூட அதிகம் கிடையாது."

ஐவரும் வந்து சுவரோரம் வரிசையாக நின்றார்கள். நான் லேப்டாப்பைத் திறந்து, வெப்கேமைச் சொருகி, அவர்களை நோக்கி வைத்தேன். எல்லோரும் திரையைச் சுற்றிக் கூடினார்கள்.

திரை கும்மிருட்டு.

ஒயரை அசைத்தேன். லென்ஸைத் திருகினேன். கும்மிருட்டு அப்படியே இருந்தது. மேனேஜர் சிரித்தார், சிரிப்பு நீளமாக இருந்தது.

"கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும்னு சொன்னீங்க. உண்மைதான், ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியல."

என் காது சூடாகியது. அண்ணியைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனால் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பேனாவின் மூடியை எடுத்துப் பேனாவை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

மேடம் கூரையை அண்ணாந்து பார்த்தார். "ஸ்க்ரூ, இங்க எரியறது என்ன பல்பு?"

"எல்ஈடி."

சொன்னதும் எனக்கே உறைத்தது. எல்ஈடி விளக்கில் அகச்சிவப்பு கிடையாது. எங்கள் மாடியில் வெயில் இருந்தது, இங்கே மேனேஜர் தடித்த திரைச்சீலையால் வெயிலை வாசலோடு நிறுத்தியிருந்தார்.

மேடம் அனுமதி கேட்கவில்லை. நேராகப் போய்ச் சீலையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். சீலையோடு அதன் கம்பியும் கழன்று விழுந்தது. சாயங்கால வெயில் அறைக்குள் பாய்ந்தது. எதிர்க் கட்டடத்தின் உச்சிக்கும் சூரியனுக்கும் இடையே நாலு விரல் இடம்தான் மிச்சம்.

"என்ன பண்றீங்க!"

"திரையைப் பாருங்க" என்றார் மேடம்.

பெட்டி தூக்கும் ஐவரும் திரையில் வெள்ளைக் கோட்டில் நின்றார்கள். வெள்ளைத் தொப்பி. ஐந்து பேரும் சமையல்காரர்கள் மாதிரி. நேற்றைய படத்தில் இருந்த அதே வெள்ளை. அவர்களில் மூத்தவர் திரையையும் தன் சட்டைக் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னங்க இது? எனக்குச் சமைக்கவே தெரியாதே!"

மேனேஜரின் சிரிப்பு காணாமல் போனது. ஆனால் என் சந்தோஷம் அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை. ஐவரில் ஒருவர் தோளிலும் கறுப்புச் சதுரம் இல்லை. ஒவ்வொருவரையும் திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்தேன். சுத்தமான வெள்ளை.

"வேஷ்டி விளம்பரம் முடிஞ்சுதா?" மேனேஜருக்கு உயிர் திரும்பியது. "அஞ்சு பேர்ல யாருமில்ல. அப்போ நான் சொன்னதுதான்."

"இன்னொரு கறுப்புக் கோட்டு பாக்கி இருக்கு" என்றார் மேடம்.

பாதுகாப்பு அதிகாரி லேப்டாப்புக்குப் பின்னால், என் தோளுக்கருகில் நின்றிருந்தார். நின்றிருந்தவர் கதவை நோக்கி நகர்ந்தார். "எனக்கு மாடியில ரவுண்டு இருக்கு சார்."

நான் யோசிக்கவில்லை. கேமராவைக் கையிலெடுத்து அவர்மேல் திருப்பினேன்.

திரையில் வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி. இடது தோளில் கறுப்பாக ஒரு சதுரம்.

நான் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுத்து அவரை நேரில் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு அந்தத் தோள் ஒரே கறுப்பு, ஒட்டுப் போட்டதே தெரியவில்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்த நல்ல மனுஷர்!

மூத்த தொழிலாளிதான் முதலில் பேசினார். "அது நான் போட்ட ஒட்டு. எங்ககூட பெட்டி தூக்கினப்போ வார் அறுத்து அறுத்துத் தோள் கிழிஞ்சு போச்சு. பழைய குடைத் துணியை வெச்சு நான்தான் தைச்சுக் கொடுத்தேன். அதிகாரி ஆனப்புறமும் அதே கோட்டுதான், எட்டு வருஷமா ஒருத்தரும் கண்டுபிடிக்கல." இத்தனை கலவரத்திலும் அவர் குரலில் பெருமை இருந்தது.

"ஒட்டுத் துணியை வெச்சு என்னைத் திருடன்னு சொல்வீங்களா?" அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். "சார், எத்தனை கோட்டுல ஒட்டு இருக்கும்!"

"நியாயம். ஒட்டை விட்டுடலாம்" என்றார் மேடம். பெட்டி தூக்குபவர்கள் பக்கம் திரும்பினார். "நீங்க லக்கேஜ் ரூமுக்குள்ள போகும்போது லைட் போடுவீங்களா?"

"ரெண்டு கையிலயும் பெட்டி இருக்கும்மா. சுவிட்சை எதால போடறது? பாதி நேரம் இருட்டுலதான் போவோம், வருவோம். பழகிடுச்சு."

"சார், அந்த கேமராவை எத்தனை வருஷமா நீங்க பாக்கறீங்க?"

அதிகாரி கதவைப் பார்த்தார்.

"ஆறு வருஷம். கேமரா திரை இருக்கற ரூமுக்குள்ள அவரைத் தவிர யாரும் போக முடியாது" என்றார் மேனேஜர், தன்னையறியாமல்.

"ஆறு வருஷமா தினமும் இவங்க இருட்டுல போறதையும் வர்றதையும் பாத்திருக்கீங்க. உங்க திரையில தினமும் இவங்களுக்கு வெள்ளைக் கோட்டு. இந்த ஹோட்டல்ல இருட்டு கேமராவுல கறுப்பு வெள்ளையாத் தெரியும்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க." மேடம் குரலை உயர்த்தவே இல்லை. "அப்புறம் எப்படி சார் படத்தைப் பாத்ததும் வெள்ளைக் கோட்டு, சமையல்காரிதான்னு முதல்ல சொன்னது நீங்களா இருக்கும்?"

அதிகாரியின் கை தானாக இடது தோளுக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது.

"கோட்டு வெளுக்கும்னு தெரிஞ்சுது. குடை வெளுக்காதுன்னு தெரியல. பாவம்" என்றேன்.

"நீ சும்மா இரு" என்றார் மேடம். எனக்கு அது பாராட்டு மாதிரிதான் கேட்டது.

மேனேஜர் கையை நீட்டினார். அதிகாரி சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார், யாரையும் பார்க்காமல். மூத்த தொழிலாளி சாவியோடு போனார். பத்து நிமிடத்தில், கெட்டுப்போன கேமராக்கள் போட்டு வைக்கும் அலமாரியிலிருந்து கடிகாரப் பெட்டியோடு திரும்பி வந்தார். வெயில் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. திரை மறுபடி இருண்டது. இப்போது அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

மேனேஜர் சுறுசுறுப்பானார். போலீசுக்கு ஒரு போன், கடிகாரக்காரருக்கு ஒரு போன். பிறகு அண்ணியின் முன்னால் இருந்த கடிதத்தைக் கிழிக்கக் கையை நீட்டினார்.

"ரொம்ப சந்தோஷம்மா. நீங்க வேலைக்குப் போகலாம். எல்லாத்தையும் மறந்துடுவோம்."

அண்ணி கடிதத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"கிழிக்காதீங்க சார். இதுக்குப் பின்பக்கம் காலியா இருக்கு." தாளைத் திருப்பி, பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் நகர்த்தினார். "எழுதுங்க."

"என்னம்மா எழுதணும்?"

"நான் எடுக்கலைன்னு."

மேனேஜர் மேடத்தைப் பார்த்தார். மேடம் விழுந்து கிடந்த திரைச்சீலையை அக்கறையாக மடித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் உட்கார நாற்காலியை இழுத்துக் கொடுத்தேன், அவருக்குத்தான்.

இரண்டு வரி எழுதினார். அண்ணி வாங்கிப் படித்தார். தலையை ஆட்டினார்.

"'தவறு நேர்ந்துவிட்டது'ன்னு எழுதியிருக்கீங்க. அது தானா நடந்து வரல சார். நீங்க கூட்டிட்டு வந்தீங்க."

மேனேஜரின் கழுத்து சிவந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, 'நான் தவறு செய்தேன்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டு எழுந்தார்.

"இப்போ திருப்தியா?"

"இன்னும் படிக்கலையே."

"நீங்கதான் படிச்சீங்களே!"

"நேத்து என்னைத் திருடின்னு சமையலறையில படிச்சீங்க, நாப்பது பேர் முன்னாடி. இதையும் அங்கதான் படிக்கணும்." அண்ணி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "வாங்க சார். ராத்திரி ரொட்டிக்கு நேரமாச்சு."

இந்த அண்ணியைத்தான் இருபது வருடமாக எங்கள் வீட்டில் சாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை. மேடம் பார்த்துவிட்டார், கிண்டல் செய்யவில்லை.

சமையலறையில் கரண்டிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அடுப்புப் பக்கம், காய் நறுக்கும் பக்கம், எல்லோரும் திரும்பினார்கள். மேனேஜர் தாளை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு முணுமுணுவென்று படித்து முடித்தார். தாளை மடிக்கப் போனார்.

"சத்தம் பத்தல சார்" என்றார் அண்ணி, மாவுத் தொட்டியின் மூடியைத் திறந்தபடியே. "நேத்து பாத்திரம் கழுவுற இடம் வரைக்கும் கேட்டுச்சு."

கடைசியில், குழாயடியில் நின்றிருந்த பெண் குழாயை மூடினாள். அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.